வியா லிங்கனில் நீ சுகமாய் இருக்கிறாய்

கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டுத் திரும்பினால் அறை முழுக்க அந்தக் கடையின் மணம். புது ரப்பர் செருப்பு, பிரிக்காத துணிக்கட்டு, பூச்சி உருண்டை, எல்லாவற்றுக்கும் மேலால் அன்னாசிப்பூ போட்டு அவித்த இறைச்சி. "இது கடையில்லையடி, ஆரோ குசினிக்கை உடுப்புக்கடை போட்டிருக்கினம்" என்று முதல்நாள் நீ சொன்ன அதே மணம். கோட்டைக் கடந்துபோன அம்மா நின்று மணந்து பார்த்தார். "திரும்பவும் சீனாக்காரியின்ரை கடைக்கோ?" என்றார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

நீ இருந்தால் முதலில் கேட்பது, "என்னை விட்டிட்டு ஏனடி தனியப் போனனீ?" என்பதாகத்தான் இருக்கும். நான் தனியே போகவில்லை. அந்தக் கடையில் நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வேறு யாருக்காவது சொன்னால் இரண்டு பேருக்கும் விசர் என்பார்கள். இரண்டாவது ஆள் யார் என்பதையும் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கதையை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள். நீ சிசிலியில், பலேர்மோவுக்கு வெளியே பகேரியாவில், மன்னார்க் குடும்பம், ஞாயிறு பூசை தவறாத வீடு. நான் பலேர்மோ நகரத்துக்குள், கபோச் சந்தைக்குப் பின்னால், மீன்காரர் கூப்பிடுகிற சத்தத்தில் கண்விழிக்கிற யாழ்ப்பாணத்து வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தும் நெடுநாள் நாங்கள் கதைக்கவில்லை. ஒருநாள் மேசைக்குக் கீழே உன் போனில் வெள்ளைத் தலைமயிர் வாள்வீரன் ஒருவன் மலைக்கு மேலே பறந்தான். நான் எட்டிப் பார்த்து, "இவன் கடைசியிலை சாவான்" என்றேன். நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்கு அடிக்க வந்தாய். அப்படித்தான் தொடங்கியது.

சீன நாடகங்களைக் காசு கட்டிப் பார்க்க எங்கள் இருவருக்கும் வழியில்லை. இலவசமாகப் போடுகிறவர்கள் பிடிபடாமல் இருக்கப் படத்தை இடம்வலம் மாற்றிப் போடுவார்கள். கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல மாறி இருக்கும். எழுத்தை மட்டும் நாங்கள் மனதுக்குள் திருப்பி வாசித்தோம். மற்றதெல்லாம் பார்த்தபடியே பதிந்தது. நடை, கும்பிடுகிற விதம், தேநீர் ஊற்றுகிற கை, உடுப்பு, எல்லாம்.

பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு எங்கள் தமிழில் குரல் கொடுப்போம். நான் நாயகன். "மூவாயிரம் வருசமா உனக்காண்டித்தான் வரிசையிலை நிக்கிறன்" என்பேன். நீ நாயகியின் கண்ணீரோடு, "எங்கை, குவெஸ்தூராவிலையோ? பெர்மெஸ்ஸோ கிடைச்சதோ?" என்பாய். வதிவிட அட்டைக்காக எங்கள் அப்பாமார் விடியவே போய் நிற்கிற அந்தப் பொலிஸ் அலுவலக வரிசையில் வெள்ளைத் தலைமயிர் தேவன் நிற்கிறதை நினைத்து, எனக்கு வயிறு நொந்து போகும்வரை சிரிப்பு.

மொழியையும் அப்படித்தான் படித்தோம். போனில் ஒரு செயலி, நாடகத்தின் கீழே ஓடுகிற வரி, கருத்துப்பெட்டியில் முகம் தெரியாத பிள்ளைகள் சொல்லித் தந்தது. வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை. அதை யாரோடாவது கதைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நீ என்னைச் சீனாக்காரர் கடை வைத்திருக்கிற தெருவுக்கு, வியா லிங்கனுக்கு, இழுத்துக்கொண்டு போனாய். உன் ரயில் வந்து நிற்கிற நிலையத்திலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினால் போதும். வருடக்கணக்காக அதைக் கடந்து போயிருக்கிறோம், உள்ளே போனதில்லை. நடைபாதையை மறித்து அட்டைப்பெட்டிகள், தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு "வழி, வழி" என்று ஓடுகிற பெடியன்கள், மேசைவிரிப்புக்கு விலை குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிற பலேர்மோக் கிழவிகள், ஒரு வாசலில் சீனப் பாட்டு, பக்கத்து வாசலில் வங்காளிக் கடையின் பாட்டு, கோப்பைக்குள் மாவுருண்டை போட்ட தேநீர் விற்கிற கண்ணாடிக் கடை. நீ ஒவ்வொரு பலகையாகச் சத்தம் போட்டு வாசித்தாய். முதல்முறையாக எழுத்துகள் நேராக இருந்தன.

அந்தச் சீன அன்ரியின் கடைக்குள் போனது மழைக்கு ஒதுங்கத்தான். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பயிற்சி எடுத்த வசனத்தை இரண்டு கையும் கூப்பிச் சொன்னேன். அவருடைய குச்சி அந்தரத்தில் நின்றது. பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். "அரண்மனையிலை இருந்து வந்தனீங்களோ? 'இந்த அடிமை பேரரசியை வணங்குகிறாள்' எண்டெல்லோ சொல்லுறாய். என்ரை பாட்டிக்குப் பாட்டியும் இப்பிடிக் கதைக்கேல்லை" என்றார் இத்தாலியனில். அவருடைய இத்தாலியன் எங்களுடையதைவிடச் சுத்தமான பலேர்மோ இத்தாலியன். நீ உடனே, "அடிமைக்கு ஒரு குடை வேணும், என்ன விலை?" என்றாய். அன்றிலிருந்து நாங்கள் அவருக்கு அரண்மனைப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு உனக்கு வருத்தம் வந்தது. இரத்தத்தில் என்றார்கள். அந்தச் செய்தி எங்கள் ஆட்களுக்குள் எப்படிப் பரவும் என்று உனக்குத் தெரியும். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற அன்ரிமாரின் முகமெல்லாம் உன்னைக் கண்டால் ஒரு பக்கம் சரிந்துவிடும். "பிள்ளை சாப்பிடுறியோ" என்று கேட்கிற குரலே மாறிவிட்டது. உன்னோடு பகிடி விடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். "உயிரோடை இருக்கேக்கையே எனக்குப் படம் மாட்டிப் போட்டினம்" என்றாய் ஒருநாள்.

சீனப் புதுவருடம் சனிக்கிழமை கொண்டாடினார்கள். திங்கள் நீ ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். ஒரு நாள், அந்த ஒரு நாளைத் தரச்சொல்லி நீ வீட்டில் அடம்பிடித்தாய். உன் அம்மா திருநாளுக்கு என்று எடுத்து ஒருநாளும் உடுக்காத கிளிப்பச்சைச் சேலையைத் தானே எடுத்துத் தந்தார். உன் வீட்டுத் தையல் மெசினில் நாங்கள் அதை வெட்டி, அகன்ற கை வைத்து, நெஞ்சில் குறுக்காக மடித்துக் கட்டுகிற நீளச் சட்டையாகத் தைத்தோம். சரிகைக்கரை கழுத்தைச் சுற்றி வந்தது. எனக்கு மிச்சத் துணியில் ஒரு மேல்சட்டை. எங்கள் போனில் நிறுத்தி நிறுத்தி, நாயகி எப்படிக் கட்டியிருக்கிறாளோ அப்படியே கட்டினோம். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை நான் இப்போதும் சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். "இண்டைக்கு நான் வருத்தக்காரி இல்லை. உங்கை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. நீயும் மறந்துபோ."

மறக்க நான் பட்ட பாடு. நீ இரண்டு எட்டு வைத்தால் நான் உன் மூச்சை எண்ணுகிறேன். நீ முழங்கையால் இடிக்கிறாய். தெரு முழுக்கச் சிவப்பு வெளிச்சக்கூடுகள் தொங்கின. சிங்க வேடத்துக்குள் இரண்டு பெடியன்கள் குதித்தார்கள், பின்கால் பெடியன் மூச்சு வாங்கித் தலையை வெளியே நீட்டிச் சிசிலியன் தூஷணம் ஒன்று சொன்னான், நீ சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாய். யாரோ எங்களைப் படம் எடுத்தார்கள். "எந்த நாட்டு இளவரசி?" என்று ஒரு பலேர்மோக் கிழவர் கேட்டார். "பகேரியா நாட்டு" என்றாய்.

அன்ரி எங்களைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்தார். வந்தவர் உன்னருகே வந்து நின்றுவிட்டார். முகம் செத்துப்போனது. உன் இடுப்புக்கட்டை அவிழ்த்தார். கடைக்கு நடுவில், ஆட்கள் பார்க்கப் பார்க்க, உன் நெஞ்சுத்துணியின் இரண்டு பக்கத்தையும் பிரித்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி மடித்து, இறுக்கிக் கட்டினார். பிறகு எனக்கும் செய்தார். "ப்பே, ப்பே, ப்பே" என்று தரைப்பக்கம் துப்புவதுபோலச் செய்துவிட்டுத் தட்டுவதற்கு மரம் தேடினார். அந்தக் கடையில் எல்லாம் பிளாஸ்டிக். கடைசியில் சாப்பாட்டுக் குச்சியில் தட்டினார். கண்ணூறு கழிக்க என் அம்மா துப்புகிற அதே துப்பு.

"இடப்பக்கம் மேலை வரவேணும்" என்றார். "வலப்பக்கம் மேலை வாறது செத்த ஆக்களுக்கு. பெட்டிக்குள்ளை வைக்கேக்கை அப்பிடித்தான் கட்டுவம். ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

யாரும் சொல்லித்தரவில்லை. திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்துத் தைத்தோம். பலகை எழுத்தைத் திருப்பி வாசிக்கத் தெரிந்த எங்களுக்கு, உடுப்பும் திரும்பித்தான் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. உன்னை விட்டால் அங்கே நின்ற எல்லோரிலும் திங்கட்கிழமையைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நீ என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய். "அப்ப நான் காலமையிலை இருந்து செத்துப்போய்த்தான் திரியிறன். ரயிலுக்கு ரிக்கெற் எடுத்தது வீண்."

நான் சிரிக்கவில்லை. நீ குரலைத் தாழ்த்தி, "முகத்தைச் சரியாக்கடி. அவ பாக்கிறா" என்றாய்.

சரியாக்கினேன். அன்ரி எங்களைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, அவித்த கொழுக்கட்டை போன்றதைத் தட்டுத் தட்டாக வைத்தார். நீ வாரக்கணக்காக ஒன்றும் வாயில் வைக்காதவள். அன்று சாப்பிட்டாய். "இந்தப் பிள்ளை நல்லாச் சாப்பிடும், நல்ல பலசாலி. நீதான் நோஞ்சான்" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். உன் முகத்தில் வந்த பெருமையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த பாதியும் தெரியாத பாதியும். எதைக் கேட்டாலும் எங்கோ ஒரு மூலையில் யாரோ பதில் எழுதுவார்கள் என்று நினைத்து வளர்ந்தவள் நான். மூன்று மொழியில் தேடினேன். நோயாளிகளின் குழுக்களில் பொய்ப்பெயரில் சேர்ந்தேன். சீனாவில் ஒரு புது மருந்து என்று ஒருவர் எழுதியதை அகராதியோடு இருந்து வரிவரியாகப் பிரித்தேன், கடைசியில் அது எலிக்குக் கொடுத்துப் பார்த்தது. டொக்டரிடம் போனை நீட்டினேன். அவர் நல்ல மனுசி, முழுவதும் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். உன் அம்மா ஒவ்வொரு கிழமையும் பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினார். என் அம்மாவும் கூடவே ஏறினார், சைவக்காரி என்று பாராமல். மலையும் கேட்கவில்லை, இணையமும் கேட்கவில்லை.

கோடை வெக்கையில் உன்னைக் கொண்டுபோனார்கள். உனக்கு வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சுப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையில் மாற்றிக் கட்ட ஒன்றும் இல்லை. என் கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இனி உனக்குத் தெரியாதது.

தை மாதம் என் போனின் சார்ஜர் வயர் அறுந்தது. வேறு எங்காவது வாங்கியிருக்கலாம். கால் அங்கே போனது. கடையில் சிவப்புக் கூடுகளைத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்ரி ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"மற்றவள் எங்கை?"

எனக்குச் சீனத்தில் சாவுக்கு எத்தனை சொல் தெரியும் என்று நினைக்கிறாய்? பேரரசர் மறைந்தால் ஒன்று, தேவர் உதிர்ந்தால் ஒன்று, ஆவி சிதறினால் ஒன்று, மறதிக் கஞ்சி குடித்துப் பாலம் கடந்தால் ஒன்று. எல்லாம் நாடகத்தில் படித்தது. என்னைப்போல ஒரு பிள்ளை, பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிறவள், இப்போது இல்லை என்று கடைக்குள் நின்று சொல்ல ஒரு சாதாரண வசனம் அதில் இல்லை. இத்தாலியனில் இருந்தது. அது நாக்கு வரைக்கும் வந்தது.

வந்தபோது அவர் ஏணியிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் நின்றார். உன் சட்டையை மாற்றிக் கட்டிய கை. சொன்னால் அந்தக் கைக்கு முதலில் அதுதான் நினைவு வரும். நாள் முழுக்க அப்படிக் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை, தான் மாற்றிக் கட்டியது பிந்திப்போனது என்று நினைப்பார். இது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. இந்த நகரத்தில் உன்னைத் தெரிந்த எல்லோருக்கும் நீ கடைசியில் ஒரு வருத்தக்காரி. உன் அம்மாவுக்கும், கோயில் அன்ரிமாருக்கும், எனக்கும்கூட உன்னை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கட்டில். இவர் ஒருத்தருக்குத்தான் நீ கிளிப்பச்சைச் சட்டையோடு நின்று தட்டுத் தட்டாகச் சாப்பிட்ட பலசாலி. நீ ஒரு நாளைக் கேட்டு வாங்கினாய். அந்த நாள் மிச்சமிருப்பது இவரிடம் மட்டும்தான்.

"லண்டனுக்குப் போயிட்டாள்" என்றேன்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள். அவர் ஒரு துளியும் சந்தேகப்படவில்லை. "எல்லாத் தமிழரும் லண்டன், லண்டன். பலேர்மோவிலை என்ன குறை?" என்று கோபித்தார். பிறகு கையை நீட்டினார். "எடு இப்ப. நான் கதைக்கிறன்."

"வேலையிலை இருப்பாள், அன்ரி."

"அப்ப குரல் அனுப்புவம். போனைத் தா."

உன் பெயர் இன்னும் என் பட்டியலில் மேலேதான் இருக்கிறது. அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, இத்தாலியனில் அழகி என்று உன்னைக் கூப்பிடுகிறபடியே சத்தமாகச் சொன்னார். "பெல்லா, சொல்லாமல் போயிட்டாய், எனக்குக் கோபம். அங்கை குளிர், காலுக்கு மேஸ் போடு. உன்ரை அந்தப் பச்சை நிறத்திலை புதுத்துணி வந்திருக்கு, ஒரு துண்டு எடுத்து வைக்கிறன். இந்த நோஞ்சான் தனியத் திரியுது, பாக்கச் சகிக்கேல்லை. வந்தால் நேரை இஞ்சை வா, சாப்பாடு தாறன்." சொல்லிவிட்டுத் தானே விரலை எடுத்து அனுப்பினார்.

செய்திக்குக் கீழே ஒற்றைச் சரிக்கோடு விழும், அதோடு முடியும் என்று நினைத்தேன். இரண்டு விழுந்தது. நான் நிலையத்துக்கு வந்துசேர முதலே இரண்டும் நீலமாகியது.

நடைபாதையில் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டேன். உன் போனை உன் அம்மா ஒவ்வொரு நாளும் சார்ஜில் போடுகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவரே எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, ஆர் அந்த மனுசி?"

சொன்னேன். புதுவருடச் சனிக்கிழமை போன கடை, பச்சைச் சட்டை, கொழுக்கட்டை. சட்டையை மாற்றிக் கட்டியதை மட்டும் சொல்லவில்லை, அது உனக்கும் எனக்கும்.

"அவவுக்குத் தெரியாதோ?"

"தெரியாது, அன்ரி. நான்தான் லண்டன் எண்டு சொல்லிப்போட்டன். பிழைதான். நாளைக்குப் போய்ச் சொல்லுறன்."

அவர் சம்பளத்துக்குப் பராமரிக்கிற இத்தாலியக் கிழவியின் தொலைக்காட்சி கேட்டது. பிறகு, "சொல்லாதை" என்றார். "என்னை ஒருக்கால் அங்கை கூட்டிக்கொண்டு போ."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்த சேலையோடு ரயிலால் இறங்கினார். வழியில் நான் சொன்னேன், வேண்டாம் அன்ரி, திரும்பிப் போவம் என்று. அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார், நீ பார்த்ததை எல்லாம் பார்ப்பதுபோல. அந்தத் தூண், அந்தத் தேநீர்க் கடை. "இஞ்சையோ சிரிச்சுக்கொண்டு நிண்டவள்?" என்று கேட்டார்.

கடைக்கார அன்ரி பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார். "அம்மாவோ? அதே கண்." இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மகள் எப்பிடி இருக்கிறாள்?"

உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கிறாள்" என்றார்.

"வேலையோ?"

"ஓம். உடுப்புக்கடை ஒண்டிலை."

"சாப்பிடுறாளோ?"

"இப்ப பரவாயில்லை. முந்திச் சாப்பிடமாட்டாள். இப்ப எல்லாம் சாப்பிடுறாள்."

"அந்த நீளத் தலைமயிர்?"

உன் அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது. "போயிட்டுது" என்றார். பிறகு, "வெட்டிப்போட்டாள். அங்கத்தைத் தண்ணி ஒத்துவரேல்லை" என்றார்.

கடைக்கார அன்ரி தலையில் கை வைத்து லண்டன் தண்ணீரைத் திட்டினார். உன் அம்மாவும் சேர்ந்து திட்டினார். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைத் திட்டிக்கொண்டே போனார்கள், ஊரில் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லிக் குளிர்காய்கிற இரண்டு சாதாரண மனுசிகள்போல. நான் பொம்மைக்குப் போட்டிருந்த தொப்பி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து உன் அம்மா நீளமாக மூச்சு விட்டார். நீ போன பிறகு அவர் முகத்தில் நிறம் வந்து அன்றுதான் பார்த்தேன். "ஒருத்தரும் என்னட்டை அவளைப் பற்றிக் கேக்கிறேல்லை, பிள்ளை" என்றார். "கண்டால் மற்றப் பக்கம் பாக்கினம், இல்லையெண்டால் அழுகினம். எப்பிடி இருக்கிறாள் எண்டு ஒரு மனுசி கேட்டுது." ரயில் ஏறும்போது, "அடுத்த ஞாயிறும் வாறன்" என்றார்.

வருகிறார். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். வழியில் என்னிடம், "இந்தக் கிழமை என்ன சொல்லுவம்?" என்று கேட்கிறார். நான் யோசித்து வைத்திருக்க வேண்டும். உனக்கு ஒரு அறை எடுத்துத் தந்திருக்கிறோம், யன்னல் சின்னது. கூட இருப்பவள் ஒரு கேரளப் பிள்ளை, சமைக்கத் தெரியாது. கடை முதலாளி கொஞ்சம் சிடுமூஞ்சி, ஆனால் உன்னில் விருப்பம். கலியாணத்துக்கு நீ ஓம் சொல்கிறாய் இல்லை, அதில் உன் அம்மாவுக்குச் சரியான கவலை. அந்தக் கவலையைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடிப்பும் இல்லை. பாதிரியாரிடம் கதைப்போமா என்று யோசித்தேன். என் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்துவதுதான் சரி. நிறுத்தினால் அந்தக் கடை வாசலில் உன் அம்மாவுக்கு நீ இன்னொரு முறை செத்துப்போவாய். அதைச் செய்கிற ஆள் நானாக இருக்கவேண்டி வரும். கருத்துப்பெட்டியில் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன், இப்படி ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தால் என்ன செய்வது என்று. நல்ல நாடகம், பெயர் என்ன, எங்கே பார்க்கலாம் என்று எழுதினார்கள்.

இன்றைக்குக் கடைக்கார அன்ரி எங்களைக் கண்டதும் ஒரே சந்தோஷமாக ஓடி வந்தார். அவருடைய தங்கை மகளுக்கு லண்டனில் கலியாணம். ஓகஸ்டில் போகிறார். முதல்முறையாகப் போகிறார். "பெல்லாவின்ரை விலாசத்தைத் தாங்கோ. துணியைக் கையிலையே குடுத்திட்டு, அந்தத் தலைமயிரையும் ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்றார். பேனையும் எடுத்துவிட்டார்.

இதோ முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தால் நல்லது என்றும் நினைத்தேன், உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

உன் அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தேவையில்லை" என்றார். "அதுக்கு முதல் அவள் இஞ்சை வந்திடுவாள்."

கடைக்கார அன்ரி கை தட்டினார். நிலையத்தில் மேடை வாங்கில் இருந்த பிறகு உன் அம்மா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, "நான் என்ன சொல்லிப்போட்டன், பிள்ளை" என்றார். கேட்டது என்னைத்தான். பகேரியா ரயில் வந்து கதவு திறந்தது. அவர் ஏறி, யன்னல் பக்கம் இருந்து, வழக்கம்போலக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

உன் சின்ன யன்னல், சிடுமூஞ்சி முதலாளி, வெட்டிய தலைமயிர், வராத கலியாணம், இப்போது ஓகஸ்டுக்கு முதல் ஒரு வருகை. எல்லாம் என்னிடம் இருக்கிறது. இதை எங்கே இறக்கி வைப்பது என்று கேட்க எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்.